250 கோடி வருஷத் தேய்மானம்!

'ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி பக்கம் போறேன்' என்று உங்கள் ஆபீஸில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து ஸீட்காரர் கண்ணடிப்பார். கேஷியர், 'அப்படியே நமக்கும்...' என்று இழுப்பார். மேனேஜர் மட்டும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு பிராண்ட் பெயர் சொல்வார்.

நான் போனது கல் பார்க்க.

"கள்ளா? அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்றார் மாடிப் போர்ஷன்காரர்.

"கள் இல்லை ஸார், கல். 'ல்'. சின்ன ல்."

அவர் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

விஷயம் ஒரு நோட்டீஸில் ஆரம்பித்தது. பொம்மையார்பாளையம் தெரியுமோ? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் முன்னால் வரும் மீனவர் ஊர். பாண்டிச்சேரிக்குப் பக்கம், ஆனால் நம் விழுப்புரம் மாவட்டம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் செம்மண் மேடு, அதன் மேல் ஆரோவில். அங்கே 'கடலிலிருந்து 200 அடி! கண் விழித்தால் சூரியன் உங்கள் ஜன்னலில்!' என்று மனை விற்றார்கள். சூரியன் எல்லார் ஜன்னலிலும்தான் வருகிறது என்று அந்த நேரம் பார்த்துத் தோன்றவில்லை. டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 1991-லிருந்தே கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை என்று ஒன்று இருப்பதை புரோக்கர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு நண்பன். ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, நம் நாட்டு வழக்கப்படி, பேங்க்கில் நகைக் கடன் செக்ஷனில் இருக்கிறான். படிப்பு வீண் போகவில்லை. நெக்லஸில் கல் எடையைக் கழிப்பதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பேங்க்கில் அவனுக்குப் பெயரே 'கல்லு'.

மனை விஷயத்தை போனில் சொன்னேன்.

"வில்லங்கம் போட்டுப் பார்த்தியா?"

"முப்பது வருஷத்துக்குப் பார்த்தாச்சுடா. க்ளீன்!"

"முப்பதா? ஞாயித்துக்கிழமை வா. 250 கோடி வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுக் காட்டறேன்."

இப்படியாக, விடியற்காலை பஸ்ஸில் தூங்கி வழிந்து திண்டிவனத்தில் இறங்கினேன். கல்லு பைக்குடன் நின்றான். கடல் பக்கம் போவான் என்று பார்த்தால், வண்டியை நேர் எதிர்ப்பக்கம் செஞ்சி ரோட்டில் விட்டான்.

"கடல் அந்தப் பக்கம்டா!"

"மனைக்கு மூலப் பத்திரம் இந்தப் பக்கம் இருக்கு" என்றான்.

செஞ்சி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். யாரோ பெரிய லாரியில் குண்டுக் கற்களைக் கொண்டு வந்து கொட்டிவிட்டு, பில் போட மறந்து போன மாதிரி குன்று குன்றாக நிற்கும். தேசிங்கு ராஜா கோட்டையை நினைத்துக் கொண்டு எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். 2025-ல் யுனெஸ்கோ, மராட்டியர்களின் கோட்டைகளோடு சேர்த்து, இந்தக் கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டைக்கு வயது நூற்றுக்கணக்கில். அது உட்கார்ந்திருக்கிற கல்லுக்கு வயது கோடிக்கணக்கில். கோட்டைக்கு டிக்கெட் உண்டு, கல்லுக்குக் கிடையாது. அதனால் யாரும் கவனிப்பதில்லை.

கல்லு கோட்டை வரை போகவில்லை. வழியில் ஒரு ஜல்லிக் குவியல் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். வீடு கட்டக் கொட்டி வைத்த சாதாரண முக்கால் இஞ்ச் ஜல்லி. ஒரு துண்டை எடுத்து உடைந்த முகத்தை வெயிலில் திருப்பினான்.

"என்ன கலர்?"

"கறுப்பு."

"நல்லா பாரு."

பார்த்தேன். கறுப்பில்லை. தேங்காய் எண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு. அதற்குள் பச்சை கலந்த சாம்பல். நம்ம ஊர் மேஸ்திரிகள் ப்ளூ மெட்டல் என்பது இந்த ஜாதியைத்தான்.

"இதுக்குப் பேரு சார்னோகைட்" என்றான்.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜோப் சார்னாக் என்று ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். 1690-ல் ஹூக்ளிக் கரையில் சுதாநுதி கிராமத்தில் வந்து இறங்கியவர். கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் ரொம்ப காலம் சொல்லி வந்தன. (2003-ல் கல்கத்தா ஹைகோர்ட், அப்படி ஒரு தனி மனிதரைச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. செத்து முந்நூறு வருஷம் கழித்து வேலை போனது அவர் ஒருவருக்குத்தான்!) அவர் கல்லறைக்குக் கல் மதராஸிலிருந்து போயிற்று. இருநூறு வருஷம் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட், அந்தக் கல்லறைக் கல்லும் நம் பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் ஒன்றே என்று கண்டு, 1893-ல் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு நார்வேயில் கிடைத்தாலும் அண்டார்டிகாவில் கிடைத்தாலும் அதே பெயர்தான். கல் பல்லாவரத்தில், பெயர் கல்கத்தாவில். நியாயமாகப் பார்த்தால் அது 'பல்லாவரைட்'. நம் ஆட்கள் யாரும் அப்போது மனு கொடுக்கவில்லை.

பெயரை விடுங்கள். கல்லு அடுத்தபடி சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

இந்தக் கல்லில் ஹைப்பர்ஸ்தீன் என்று ஒரு தாது இருக்கிறது. அது உண்டாக எழுநூறு எண்ணூறு டிகிரி சூடு வேண்டும். ஈரப்பசை கிட்டத்தட்ட இருக்கக் கூடாது. கூடவே இருக்கிற மற்ற தாதுக்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இந்த மாதிரிக் கல் பூமிக்குள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில்தான் உருவாகியிருக்க முடியும் என்று தெரிகிறது.

"ஓஹோ... அங்கேயிருந்து மேல வந்துடுச்சா?"

"அது எங்கே வந்தது? மேல இருந்ததெல்லாம் போயிடுச்சு."

நான் அந்த ஜல்லியைக் கையில் வைத்துக் கொண்டு வானத்தைப் பார்த்தேன். தலைக்கு மேல் இருபத்தைந்து கிலோமீட்டர். கிட்டத்தட்ட மூன்று எவரெஸ்ட்டை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தின கனத்துக்கு ஒரு காலத்தில் பாறை இருந்திருக்கிறது. இப்போது ஒரு காக்கா பறந்து கொண்டிருந்தது.

அதாவது, திண்டிவனம் என்பது மலையடிவாரம்கூட இல்லை. மலைக்கு அடியில் இருக்கிற வேர். பல் விழுந்த பிறகு ஈறில் மிச்சம் இருக்கிற வேர் மாதிரி. நாம் அதன் மேல் பஸ் ஸ்டாண்ட் கட்டியிருக்கிறோம்.

"அவ்வளவு பெரிய மலை எப்படிடா வந்துது?" என்று கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மசால் வடையை நடுவில் வைத்து, அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

பூமிக்கு வயது சுமார் 454 கோடி வருஷம். சின்ன வயதில் உள்ளே சூடு இப்போதைவிட அதிகம். மேல் ஓடு மெத்தென்று இருந்தது. அப்போது மலை என்றால் இப்போது நாம் நினைக்கிற மாதிரி இரண்டு கண்டம் மோதி மடிகிற சமாசாரம் இல்லை, அல்லது எல்லா இடத்திலும் இல்லை. லேசான கிரானைட் குழம்பு கொப்புளம் கொப்புளமாக மேலே வரும். மேலே கிடந்த கனமான எரிமலைக் கல் அந்தக் கொப்புளங்களுக்கு நடுவே கீழே அமுங்கும். கொதிக்கிற பாயசத்தைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி மேலும் கீழும்தான் போக்குவரத்து. கர்நாடகத்தில் தார்வார் பகுதியின் பழைய பாகத்தில், முந்நூறு கோடி வருஷத்துக்கு மேற்பட்ட பாறைகளில், இந்தக் கொப்புள அடையாளங்கள் இன்னும் தெரிகின்றன என்கிறார்கள்.

பிறகு மெல்ல மெல்ல சூடு தணிந்தது. ஓடு கொஞ்சம் கெட்டிப்பட்டது. துண்டு துண்டாக நகர்ந்தது. நகர்ந்தால் மோதத்தானே வேண்டும், நம் ஊர் டிராஃபிக் மாதிரி? இது என்றைக்கு ஆரம்பித்தது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை. முந்நூறு கோடி வருஷத்துக்கு முன்பே என்பார் ஒருவர். இல்லவே இல்லை, இன்னும் பிந்தி என்பார் மற்றவர். ஆனால் சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன், தார்வார் என்ற பழைய நிலத்தின் ஓரத்தில் புது நிலம் சேர்ந்து, நெருங்கி, கனத்து, அடிப்பாகம் வெந்து சார்னோகைட் ஆயிற்று. கர்நாடகத்துக் கல்லுக்கும் தமிழ்நாட்டுக் கல்லுக்கும் அப்போதே சம்பந்தம் ஆகிவிட்டது. தண்ணீர்த் தகராறெல்லாம் அப்புறம்.

"அப்போ இமயமலை மாதிரி உசரமா இருந்துதா?"

கல்லு வடையைப் பிட்டான். "மைசூர்பாகை அடுக்கினா நிக்கும். அல்வாவை அடுக்கினா?"

"வழியும்."

"அவ்வளவுதான். இமயமலை ஆறிப் போன கெட்டி ஓடு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. அந்தக் கால ஓடு சூடான அல்வா. ரொம்ப உசரம் ஏத்தினா தன் கனத்தாலேயே பக்கவாட்டில் பரவிடும். அதனால அந்தக் கால மலை ஒல்லியா உசரமா இல்லாம, அகலமா, மெத்தையா இருந்திருக்கும்னு ஒரு கட்சி சொல்லுது."

இதற்கு மேல் தெற்கே போனால் கதை இன்னும் சிக்கல். பாலக்காடு கணவாயிலிருந்து காவிரியை ஒட்டி ஒரு பெரிய தையல் ஓடுகிறது. அதற்குத் தெற்கே மதுரை, கொடைக்கானல் பக்கத்துப் பாறைகள் சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன் மறுபடி ஒரு தடவை வெந்திருக்கின்றன. அப்போதுதான் இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் நம்மோடு ஒட்டிக் கொண்டு கோண்டுவானா என்ற ஒரே கண்டம் ஆயிற்று. ஆகவே தமிழ்நாடு என்பது ஒரே துணியில் தைத்த சட்டை இல்லை, ஒட்டுப் போட்டது. இமயமலை? அது நேற்றுப் பிறந்த குழந்தை. வயது ஐந்து கோடி வருஷம்!

வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால், அதற்கும் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். ஜிர்க்கான் என்று மணல் பருமனில் ஒரு மணி. உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை முடிந்து வைத்துக் கொள்ளும். அது வட்டிக் கணக்கு மாதிரி பிசகாமல் ஈயமாக மாறிக் கொண்டே வரும். 447 கோடி வருஷத்தில் பாதி. மிச்சம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்த்தால் தேதி வந்துவிடும். லஞ்சம் வாங்காத ஒரே ஆடிட்டர்.

சரி, மலை எங்கே போயிற்று? இங்கேதான் என் பி.காம். கை கொடுத்தது. (பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.)

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும், ஞாபகம் இருக்கிறதா? நேர்கோட்டு முறை என்றால் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்பது. குறைந்து செல் இருப்பு முறை என்றால் மிச்சத்தில் இத்தனை சதவிகிதம். முதல் வருஷம் நிறைய போகும். போகப் போகக் குறையும். ஆனால் பூஜ்யம் என்பது வரவே வராது. மலையும் இப்படித்தான். உயரமாக, செங்குத்தாக இருக்கும்போது மழையும் ஆறும் வாரிக் கொண்டு போகும். தாழத் தாழ, சரிவு குறைய, வாரல் குறையும். செஞ்சிக் குன்றுகள் எல்லாம் அந்தப் பழைய அஸெட்டின் கடைசிப் புத்தக மதிப்பு!

"பாஸ்!" என்று கல்லு கையைக் குலுக்கினான். "ஆனா ஒரு ஐட்டம் விட்டுட்டே. ரிசர்வ் ஃபண்டு."

மலை என்பது மேலே தெரிகிறது மட்டும் இல்லை. கீழே, அதைப்போல ஐந்தாறு மடங்கு வேர் அமுங்கியிருக்கும். கரையிலே மீன் படகைப் பாருங்கள். சரக்கோடு வரும்போது தண்ணீரில் தாழ்ந்திருக்கும்; இறக்க இறக்க மேலே எழும்பும். அதே கதை. மேலே ஆறு மீட்டர் பாறை கரைந்தால், கீழிருந்து வேர் ஐந்து மீட்டர் எழும்பும். நிகரக் குறைவு ஒரு மீட்டர்தான். ஆகவே ஒரு மலையைத் தரைமட்டம் ஆக்க வேண்டுமானால், அந்த உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு கல்லைக் கரைத்தாக வேண்டும். அப்படிக் கரைத்துக் கரைத்துத்தான், இருபத்தைந்து கிலோமீட்டர் அடியில் கிடந்த கல் இன்றைக்கு திண்டிவனம் டீக்கடை வாசலில் ஜல்லியாகக் கிடக்கிறது.

"இப்போ போலாம், உன் மனைக்கு" என்றான். "கரைஞ்சது எங்க போச்சுன்னு பார்க்க வேண்டாமா?"

மயிலம் வழியாகப் போனோம். சூரபத்மன் முருகனுக்கு மயில் வாகனமாக வேண்டும் என்று மலையாக நின்று தவம் செய்தான் என்பது தலபுராணம். மாசி மகத்துக்கு இந்த முருகன் மலையை விட்டு இறங்கி, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மலையிலிருந்து கடலுக்கு! இந்த ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை செய்வதை, மழை தினம் செய்கிறது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி மழை 250 கோடி வருஷத்தில் எத்தனை வந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க என் கால்குலேட்டரில் இடம் இல்லை.

அடுத்தது திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி தவறாமல் வருகிறவர்கள்கூட, பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள், கல்லாகி, படுத்துக் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர் சோனெரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். உற்றுப் பாருங்கள்: கிளை கிடையாது, வேர் கிடையாது, பட்டை கிடையாது. இங்கே வளர்ந்த மரமாக இருந்தால் வேராவது இருக்க வேண்டுமே? வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக் கொண்டு வந்து, மணலோடு சேர்த்துப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த மணல்? மேற்கேயிருந்து கரைந்து வந்த மலை. கடலூர் மணற்கல் என்று அதற்குப் பெயர். பொம்மையார்பாளையத்தின் பின்னால் இருக்கிற செம்மண் மேடும் அந்த வகையறாதான்.

பூங்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் கருங்கல் குவாரிகள். கடலில் பாதியை எடுத்துக் கவிழ்த்து வைத்த மாதிரி பள்ளங்கள். அடியில் பச்சைத் தண்ணீர். லாரி மேல் லாரியாகக் கல் போய்க் கொண்டிருந்தது. எங்கள் பைக்குக்கு முன்னால் ஒன்று போயிற்று. ஜல்லி இல்லை, ஒவ்வொன்றும் பீரோ சைஸில் கருங்கல்.

"இது எங்க போகுது?"

"கேள்வியை வெச்சுக்கோ" என்றான் கல்லு.

பொம்மையார்பாளையத்துக்கு வந்தபோது மணி மூன்று. செம்மண் மேட்டில் மழை அறுத்த ஓடைகள் ஆள் உயரத்துக்கும் மேலே, சிவப்புச் சுவர்களாக நின்றன. மரங்களெல்லாம் போய், மண் கடலுக்குப் போய்க் கொண்டிருந்த இடம் இந்த மேடு. 1968-ல் ஆரோவில் தொடங்கிய பிறகு வரப்புப் போட்டு மரம் வைத்து ஓரளவு பிடித்து நிறுத்தினார்கள். ஓடையில் நின்று ஒரு கைப்பிடி அள்ளினேன். சிவப்பை ஊதித் தள்ளினால், பளிங்கு மாதிரி மணல்.

ரோட்டைத் தாண்டி, படகுகளுக்கு நடுவில் நடந்து, கரைக்கு வந்தோம். என் மனை எங்கே என்று தேடினேன். கரையில் கருங்கற்கள் கிடந்தன. பீரோ சைஸ். உடைந்த முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. பச்சை கலந்த சாம்பல்.

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கல் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலை பிரித்துக் கொண்டிருந்தார். "இன்னா தம்பி, மனை பாக்க வந்தீங்களா?" என்றார். என் முகத்திலேயே எழுதியிருக்கும் போல.

"ஆமாங்க ஐயா. கடலிலேருந்து 200 அடின்னாங்க."

அவர் கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். "அதோ அலை உடையுது பாரு, அதுக்கும் அப்பால. அங்கதான் எங்க வூடு இருந்துது. வாசல்ல தென்னை. அதுக்கு அப்புறம் மணலு. மணலைத் தாண்டிப் போறதுக்குள்ள காலு சுட்டுடும். அவ்ளோ தூரம்."

அவர் கை காட்டின இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

நடந்தது இதுதான். நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளிக் கொண்டு போகும். மழைக்காலத்து இரண்டு மூன்று மாதம் மட்டும் திரும்பி வரும். கரை என்பது நிற்கிற மணல் இல்லை. போய்க் கொண்டே இருக்கிற மணல். கரன்ட் அக்கவுண்ட் மாதிரி. வரவு நின்றால், இருப்பு கரையும். 1980-களின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் அதற்குத் தெற்கே தேங்கிற்று. வடக்கே வரவு நின்றது. முதலில் நகரத்துக் கடற்கரை போயிற்று. அங்கே கல் கொட்டினார்கள். அலை அடுத்த ஊருக்குப் போயிற்று; அங்கேயும் கல் கொட்டினார்கள். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று ஒவ்வொரு ஊர் சுவரும் அடுத்த ஊரின் வாசல் மணலை எடுத்தது. 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நகரத்துக் கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைப் பாறை அமைத்து, கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொண்டு வந்தது. அது நகரத்துக்கு. வடக்கே இருக்கிறவர்கள் தூண்டில் வளைவு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

அந்த மணல் வருகிற வழியை இப்போது நினைத்துப் பாருங்கள். செஞ்சி மலைகளில் புறப்படுகிற சங்கராபரணி ஆறு, வீடூர் அணையில் பாதியை விட்டுவிட்டு, திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியாக, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. தென்பெண்ணையும் தெற்கேதான். ஆக, மலை கரைந்து வந்த மணல், துறைமுகத்துக்குத் தெற்கே நின்றுவிடுகிறது. 250 கோடி வருஷமாக ஆற்றில் தானே நடந்து வந்த மலை, இப்போது லாரியில் வருகிறது. வாடகை தனி.

"பெரியவரே, இந்தக் கல்லு வயசு தெரியுமா?" என்று கல்லு உற்சாகமாக ஆரம்பித்தான். இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழம், எண்ணூறு டிகிரி, கர்நாடகம், அல்வா, எல்லாம் சொன்னான். நகைக் கடன் வாங்க வருகிறவர்களிடம் சொல்ல முடியாததையெல்லாம் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருப்பான் போல. பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் கல்லைக் கையால் தடவிப் பார்த்தார்.

"கடைசில எவ்ளோ வருஷம்னே?"

"250 கோடி."

"கல்லு தாங்கும் தம்பி" என்றார். "கீழ மணலு தாங்கலியே. போன தடவை கொட்டினது இதுக்கும் அந்தாண்ட. மொத மழைக்கே உள்ள இறங்கிடுச்சு."

கல்லு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் போனால், அவன் எம்.எஸ்ஸி.யில் இதற்குப் பதில் இருந்தது. அலை கல்லின் அடி மணலை அரித்து எடுக்கும். கல் தன் கனத்தாலேயே அமுங்கும். பெரியவர் அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.

"இப்ப எங்க இருக்கீங்க ஐயா?"

"மவன் வூடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம்." திரும்பி செம்மண் மேட்டைப் பார்த்தார். "அது மேடு. அங்க வராது." கொஞ்ச நேரம் கழித்து, "எங்க தாத்தாவும் இந்த எடத்தை மேடுன்னுதான் சொன்னாரு" என்றார்.

எங்கள் இருவருக்கும் அவர் வீட்டிலிருந்து டீ வந்தது. காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக் கொண்டார். வலைக்குப் போட்ட ஈயக் குண்டு ஒன்று மணலில் உருண்டு கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதையாவது வாங்கிக் கொண்டார்.

திரும்பும்போது போன் அடித்தது. புரோக்கர்.

"சார், ஸ்பாட்டைப் பார்த்தீங்களா? ரிஜிஸ்ட்ரேஷன் எப்போ வெச்சுக்கலாம்? இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்."

"பார்த்தேன். கடலிலேருந்து 200 அடின்னீங்களே..."

"கரெக்ட் சார். டேப் வெச்சு அளந்தது."

"எப்போ அளந்தீங்க?"

லைனில் கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல். பிறகு கட்.

அதற்கப்புறம் நாலு தடவை நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பத்தாயிரத்தை எந்த முறையில் தள்ளுபடி எழுதுவது என்று யோசித்துக் கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டால் காட்ட, சட்டைப் பையில் ஒரு ஜல்லி இருக்கிறது.